டீச்சர் படகைச் சொருகிய கதை

ஆனையூரில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே ஒரு கட்டை மாட்டியிருக்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் அதை உடைந்த ஏரின் பாகம் என்றுதான் நினைப்பார்கள். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் கைக்கு அடக்கமாக இளைத்து, நடுவில் லேசாக வளைந்திருக்கும். அது ஒரு பாய்மரப் படகின் சுக்கான் கட்டை. படகுக்குப் பின்னால் தண்ணீரில் மூழ்கியிருக்கும் சுக்கானை இந்தக் கட்டையைப் பிடித்துத்தான் இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். அப்பா அதற்கு வார்னிஷ் அடித்து, பித்தளைக் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறார். எத்தனை தடவை வார்னிஷ் அடித்தும் கைப்பிடிப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மரம் வெளுத்தே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கடல் வெயிலில் கறுத்துப்போனது. அந்த ஒரு சாணில் மட்டும் துணி சுற்றியிருந்ததால் வெயில் படவில்லை. உள்ளங்கை கொப்புளித்துப்போனபோது அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துச் சுற்றிய துணி அது. கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அப்பா அதை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

வருகிறவர்கள் கேட்பார்கள். "இதப் பிடிச்சுத்தான் சார் கடல் பூரா ஓட்டிட்டு வந்தீங்களா?" அப்பா "ம்" என்பார். அவ்வளவுதான். பேச ஆரம்பித்தால் இஞ்சினின் நட்டு போல்ட்டு வரைக்கும் விளக்குகிற மனிதர், அந்தக் கேள்விக்கு மட்டும் அந்த ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்வார். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவேன். அங்கே அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

அப்பா சரக்குக் கப்பல்களில் இஞ்சினியராக இருந்தவர். அதை எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் சரியாகப் புரியவைக்க முடியவில்லை. கப்பலில் வேலை என்றால் கப்பல் ஓட்டுகிறார் என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். உண்மையில் அப்பா முப்பது வருஷமாகக் கப்பலின் அடிவயிற்றில், வெயிலே படாத இஞ்சின் அறையில், எண்ணெயும் இரைச்சலுமாக இருந்தவர். கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுகூட அவருக்குக் கீழே இருந்து தெரியாது. ஆனால் ஊரில் அவர் கப்பல்காரர். மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்த குடும்பம் எங்களுடையது. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அந்தக் குடும்பத்திலிருந்து ஒருத்தன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளிநாட்டுக் கப்பலில் போனான் என்பது தெரு முழுவதற்கும் சொந்தமான பெருமை. அதிலும் பெரியப்பாவுக்குத்தான் பெரிய பங்கு. தம்பி படிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு மண்வெட்டியைப் பிடித்தவர் அவர். அப்பா அதை ஒரு நாளும் மறந்ததில்லை. பெரியப்பா நின்றால் அப்பா உட்கார மாட்டார்.

ஓய்வு பெற்ற வருஷம் அப்பாவுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. மலேசியாவில் ஒரு துறைமுகத்தில் யாரோ வெள்ளைக்காரர் கைவிட்டுப் போன பாய்மரப் படகு ஒன்று கிடக்கிறது என்றும், அதை வாங்கிச் சரிசெய்து, தீவு தீவாகச் சுற்றிவிட்டு ஊருக்கு ஓட்டிக்கொண்டு வரலாம் என்றும் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அம்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை போட்டுப் பார்க்கிறவள். அவள் மறுத்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் மோரை ஊற்றிக்கொண்டே, "முப்பது வருஷமா நீங்க மட்டுந்தான போனீங்க. நாங்களும் வாரோம். நான் லீவு போட்டுக்கிறேன்" என்றாள். நான் அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தேன். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடலில் திரியப் போகிறார்களாம் என்று சொந்தமெல்லாம் வாயில் கை வைத்தது. அதற்கும் பழி அம்மா தலையில்தான் விழுந்தது. அவர் கூப்பிட்டால் இவளுக்கு எங்கே போயிற்று புத்தி என்றார்கள்.

படகை வாங்கிய துறைமுகத்தில் சில மாதங்கள் தங்கிப் படகோட்டப் படித்தோம். அங்கேதான் ஒரு உண்மை தெரியவந்தது. அப்பாவுக்குச் சுக்கான் பிடிக்க வராது. இஞ்சின் விஷயத்தில் அவ்வளவு நிதானமான மனிதர், கட்டையைக் கையில் பிடித்ததும் அவசரப்படுவார். கரையைப் பார்த்துவிட்டால் போதும், பஸ் நிற்கும் முன்பே படிக்கட்டில் வந்து நிற்கிற ஆள் மாதிரி ஆகிவிடுவார். இரண்டு தடவை மரத் தூணில் இடித்தார். அம்மா வேறு மாதிரி. பாதை பழக்கமில்லாத எந்தத் துறைக்கு வந்தாலும் வெளியிலேயே நங்கூரம் போடச் சொல்வாள். உள்ளூர்ப் படகு ஒன்று உள்ளே போகிறவரைக்கும் காத்திருப்பாள். அது எங்கே வளைகிறது, எங்கே வேகம் குறைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே தடத்தில் போவாள். "முன்னால ஒரு படகு போகட்டும்" என்பதுதான் அவள் கற்றுக்கொண்ட மொத்தப் படகுக் கலையும். எங்கே கற்றாய் என்று கேட்டால், "சிம்மக்கல்லுல ரோடு தாண்டுறதுல" என்பாள். பஸ்ஸும் ஆட்டோவும் மூட்டை வண்டியுமாக மொய்க்கிற அந்த இடத்தில் தாண்டத் தெரிந்த ஒருவர் பின்னாலேயே போய்த் தாண்டிவிடுவது அவள் வழக்கம்.

அப்படியே வேலை பிரிந்துபோனது. இஞ்சினும் பாயும் அப்பா. சுக்கான் அம்மா. படகின் முன்முனையில் நின்று மூங்கில் கழியை விட்டு ஆழம் பார்த்துச் சொல்வது நான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அப்பாவுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. "டீச்சர் இருக்க எனக்கென்ன" என்று சிரிப்பார். நடுக்கடலில் அம்மா கட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கீழே என்னுடைய சுடிதார் பேன்ட், தலையில் முண்டாசு. அப்பா டீ போட்டுக்கொண்டுவந்து அவள் வாயருகே பிடிப்பார், கையை எடுக்க முடியாதே என்று. ஒரு தடவை மழையில் மாட்டி, ஒரு பகல் முழுவதும் அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் உள்ளங்கை கொப்புளித்தது. அப்பா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் குழைத்துப் போட்டார். அப்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் அப்பாவைப் பற்றி நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடலில் இருந்த அந்த ஒன்றரை வருஷமும் அவர் வேறு மனிதர். எங்களைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

தூத்துக்குடியில் அரசாங்க நடைமுறைகளை முடித்துக்கொண்டு, அங்கிருந்து கொஞ்சம் வடக்கே ஒரு சின்ன மீன்பிடித் துறையில் படகை விடுவதாக ஏற்பாடு. அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே இடம் பார்த்துக் கொடுத்திருந்தார். அதுதான் பயணத்தின் கடைசித் துண்டு. ஒரு காலைப் பொழுது வேலை. முந்தின நாள் பெரியப்பா போனில் கூப்பிட்டார். வேன் பிடித்துச் சொந்தமெல்லாம் வருவதாகச் சொன்னார். ட்ரம் செட், மாலை, ஆரத்தி எல்லாம் உண்டாம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்கள் மூவருமே கேட்டோம். பேச்சின் நடுவே அவர் குரல் உடைந்தது. "தம்பி, நம்ம அய்யா கண்மாய்த் தண்ணியில கால நனைச்சதுக்கு வெரட்டி வெரட்டி அடிச்சாய்ங்கடா. நீ கடல் தண்ணியில வாரடா. நீ ஓட்டிட்டு வாரத நான் கண்ணால பாக்கணும்." அப்பா "சரிண்ணே, சரிண்ணே" என்று மட்டும் சொன்னார். போனை வைத்ததும் இஞ்சினைத் துடைக்கப் போய்விட்டார். அம்மாவும் நானும் சமைத்தோம்.

மறுநாள் அந்தத் துறையின் வாய்க்கு நாங்கள் வந்தபோது நல்ல வெயில் ஏறியிருந்தது. பாயை இறக்கிவிட்டு மோட்டாரில் வந்தோம். உள்ளே போகிற வழி குறுகல். இரண்டு பக்கமும் சேற்றுத் திட்டு. ஒரு இடத்தில் தண்ணீர் பச்சையாகவும் பக்கத்திலேயே காபி நிறத்திலும் இருந்தது. கரையில் ட்ரம் சத்தம் கேட்டது. ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'கடலை ஆண்டு வரும் எங்கள் சிங்கமே வருக வருக' என்று போட்டு, வெள்ளைச் சீருடையில் அப்பா ஆள் உயரத்துக்கு நின்றார். அம்மாவும் நானும் கீழே மூலையில், காஸ் புத்தகத்தில் ஒட்டுகிற போட்டோ அளவில் இருந்தோம். சீருடை போட்ட படம் எங்கே கிடைத்தது என்று அம்மா சிரித்தாள். எங்களுக்குச் சற்று முன்னால் பனிக்கட்டிப் பெட்டிகளோடு ஒரு வள்ளம் உள்ளே போவதற்காக நின்றுகொண்டிருந்தது.

"அந்த வள்ளம் போகட்டுங்க. பின்னாடியே போயிருவோம்" என்றாள் அம்மா.

அப்பா கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா வெள்ளை வேட்டி சட்டையில், இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு, வெயிலில் நின்றிருந்தார். "அண்ணன் நிக்கிறாரு பாரு. இன்னும் எம்புட்டு நேரம் நிக்க வைக்கிறது? நல்ல நேரம் வேற முடியப்போகுது. குடு இங்க. நீ உள்ள போயி நல்ல சேலையக் கட்டிட்டு வா."

"நான் கொண்டு போயி நிறுத்திட்டுக் கட்டிக்கிறேனே."

அப்பா குரலைத் தணித்துக்கொண்டார். "டீச்சர், ஊரே பாக்குது."

அம்மா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, தலைமுண்டாசை அவிழ்த்துக்கொண்டே கீழே இறங்கிப்போனாள். அப்பா ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கி வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். சுங்குடித் துணி சுற்றிய இடத்தில் அவர் கை பொருந்தவில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். ஏன் இந்தச் சின்ன விஷயமெல்லாம் இன்னும் நினைவிருக்கிறது என்று தெரியவில்லை.

வள்ளத்தை முந்திக்கொண்டு போனோம். நான் முன்முனையில் கழியோடு நின்று, "அப்பா, கலங்கலா இருக்கு. நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர் கரைக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். சோற்றுப் பானையில் அகப்பை இறங்குகிற மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல் படகு சேற்றில் இறங்கி நின்றது. அப்பா மோட்டாரைப் பின்னுக்குப் போட்டு முறுக்கினார். சேறு பொங்கி வந்ததே தவிர படகு அசையவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. மரியாதைக்காக நிற்கிறோம் என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தார்கள். யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். தண்ணீர் வற்றுகிற நேரம் அது. படகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாயத் தொடங்கியதும் ட்ரம்கள் ஒவ்வொன்றாக நின்றன. வெடி மட்டும் அது பாட்டுக்கு வெடித்து ஓய்ந்தது.

அம்மா மாம்பழ நிறப் பட்டுச் சேலையில், சாய்ந்த படியில் கையை ஊன்றிக்கொண்டு மேலே வந்தாள். ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மொதல்ல மோட்டார அணைங்க. சேறு உள்ள ஏறிரப் போகுது" என்றாள். முப்பது வருஷ இஞ்சினியருக்கு அந்த நிமிஷம் அது தோன்றவில்லை. நாங்கள் முந்திவந்த அதே வள்ளக்காரர்கள்தான் திட்டைச் சுற்றி வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். கடைசிக் கொஞ்ச தூரம் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டியிருந்தது. பட்டைத் தூக்கிப் பிடித்தும் சேலைக்கரையெல்லாம் சேறு.

பெரியம்மா ஆரத்தி சுற்றினாள். பெரியப்பா மாலையைப் போட்டுவிட்டு, "என்னடா தம்பி ஆச்சு?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. சுற்றிலும் சொந்தம் முழுவதும் நின்றது. அப்பா தொப்பியைக் கையில் எடுத்து, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"கடைசி நேரத்துல டீச்சர் கையில குடுத்தேண்ணே. கொஞ்சம் இழுத்து விட்டுட்டா."

கூட்டத்தில் அப்பாவின் வேட்டி அவிழ்ந்து விழுவதைப் பார்த்தது மாதிரி இருந்தது எனக்கு. குனிந்து எடுத்துக் கொடுக்கவும் முடியவில்லை, வேறு பக்கம் திரும்பவும் முடியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் குங்குமம் வாங்க நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்படியே நின்றபடி, "ஆமா மாமா. எனக்குத் தெரியாமப் போச்சு" என்று பெரியப்பாவிடம் சொன்னாள். பிறகு பெரியப்பா சிரித்தார். "சரி விடு தாயி. பொம்பளைக்கு என்ன தெரியும்? சமுத்திரம் பூரா ஓட்டிட்டு வந்தான் எந்தம்பி, பொண்டாட்டி கையில குடுத்தான், வாசல்ல வந்து சொருகிட்டா!" எல்லோரும் சிரித்தார்கள். ட்ரம் மறுபடியும் தொடங்கியது.

வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அருப்புக்கோட்டை வரைக்கும் அம்மா சேலைக்கரையில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். அப்பா முன் சீட்டில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் மெதுவாக, "ஏம்மா அப்பிடிச் சொன்ன?" என்றேன். "அவரு அண்ணன் முன்னால ஒரு நாளு நிமிந்து நிக்கட்டுமே. எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? யாரு பிடிச்சான்னு நம்ம மூணு பேருக்குத் தெரியும்ல. போதாதா?" என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது. தாலியைப் போல, நகையைப் போல, அந்த ரகசியத்தை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பதினைந்து வருஷமாக அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் ஓடியது. கல்யாணம், காதுகுத்து, வீடு கிரகப்பிரவேசம் எதுவானாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது ஒருவர், "அந்த டீச்சர் படகச் சொருகுன கதையச் சொல்லுங்க" என்பார்கள். பெரியப்பா சொல்வார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. அம்மா அலறினாள், அப்பா பாய்ந்து பிடித்தார், அதற்குள் முடிந்துவிட்டது என்றெல்லாம் சேர்ந்தது. அம்மா ஸ்கூட்டி வாங்கியபோது அதை வைகையில் சொருகிவிடாதே என்றார்கள். அவள் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தாள். படகை விற்றுவிட்டோம். சுக்கான் கட்டை மட்டும் சுவரில் ஏறியது. அதற்கு மேல் அப்பாவின் 'ம்'.

சென்ற தை மாதம், தெப்பத் திருவிழா முடிந்த பிறகு, வண்டியூர் மாரியம்மன் கோயிலில் பெரியப்பாவின் பேரனுக்குக் காதுகுத்து. தெப்பக்குளம் நிறையத் தண்ணீர். மிதிபடகுகள் நடுமண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. சாப்பாடு முடிந்து கல்படிகளில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பாவின் மூத்த பேத்தி பிளஸ் டூ முடிக்கப்போகிறவள். கப்பலில் அதிகாரியாக, இஞ்சின் அறையில் இல்லாமல் மேலே நின்று கப்பலையே செலுத்துகிற படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவள் என் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சின்னத் தாத்தா, நீங்க சொன்னா தாத்தா கேப்பாரு. சொல்லுங்க" என்றாள்.

பெரியப்பா படியில் சாய்ந்தபடி சிரித்தார். "அவன் என்னத்தச் சொல்றது? அதெல்லாம் பொம்பளப் பிள்ளைக்குச் சரிப்படாது கண்ணு. ஒஞ் சின்ன அப்பத்தாகிட்டக் கேளு. ஒரு படகக் கரையில கொண்டாந்து விடத் தெரியாம சேத்துல சொருகுனவ. நீ கப்பல எங்குட்டுப் போயிச் சொருகுவியோ!" படி முழுவதும் சிரிப்பு. அம்மாவும் வழக்கம்போலச் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உன்னால்தான் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றுபோனதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்திருக்க வேண்டும்.

"நீயே சொல்லுடா தம்பி" என்றார் பெரியப்பா.

அப்பா குளத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, அன்னைக்கு நாந்தான் பிடிச்சிருந்தேன். அவ உள்ள சேலை கட்டிக்கிட்டு இருந்தா" என்றார்.

பூமி பிளந்துவிடும் என்று நான் நினைத்தேன். பெரியப்பா பல்லிடுக்கில் குச்சியை விட்டு நோண்டிக்கொண்டே சொன்னார்: "தெரியும்டா."

அப்பா திரும்பினார்.

"கரையில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். வெள்ளைத் தொப்பியப் போட்டுக்கிட்டு நீ நின்னது கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியுமே. அவ முண்டாச அவுத்துட்டுக் கீழ எறங்குனதையும் பாத்தேன்."

"எனக்குந் தெரியும்" என்றாள் பெரியம்மா, தட்டுகளை அடுக்கியபடி. "வேன்ல வந்த அம்புட்டுப் பேருக்குந் தெரியும்."

"பெறகு ஏண்ணே…" என்றார் அப்பா.

"நீ சொன்ன. அத்தன பேரு முன்னால நான் மறுத்துப் பேசவா? நம்ம ஆளு மானம் போகலாமா? அவ வீட்டுக்கு வந்த பொம்பள, தாங்கிக்கிருவா. தாங்கிக்கிட்டாள்ல." பெரியப்பா இதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, குடை பிடித்தோம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

நான் அம்மாவைப் பார்க்கப் பயந்தேன். மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும் என்று பதினைந்து வருஷம் நினைத்திருந்தவள் அவள். தன் புருஷனின் கௌரவத்துக்காகத் தான் ரகசியமாகக் கொடுத்த ஒன்று என்று நினைத்து, அந்தச் சிரிப்பையெல்லாம் சிரித்திருக்கிறாள். சிரிக்கவைத்தவர்கள் எல்லோரும் உண்மை தெரிந்தேதான் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அம்மா எழுந்தாள். நான்கு படி இறங்கிக் குளத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள், வெகுநேரம் கழுவினாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "எந்திரி பாப்பா. படகுல போவோம்" என்றாள்.

அம்மாவுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதிபடகில் ஏறினாள். பெண்ணை மிதிக்கச் சொல்லிவிட்டுத் திருப்புகிற பிடியைத் தான் வைத்துக்கொண்டாள். நாங்கள் படியிலிருந்தபடியே அவள் குரலைக் கேட்டோம். "இரு, அவசரப்படாத. முன்னால ஒரு படகு போகட்டும்." காத்திருந்து, நடுமண்டபத்தை ஒரு சுற்று சுற்றினார்கள். திரும்பி வந்து, கல்லில் உரசாமல், ஒரு சின்னத் தட்டல்கூட இல்லாமல், படகைப் படியோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். பெரியப்பா பல்குச்சியைக் கீழே போட்டுவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் நிமிர முடியவில்லை. வேனில் இருந்த அம்புட்டுப் பேரில் நானும் ஒருத்திதானே.

"விண்ணப்பம் போடு. பீஸ், ஹாஸ்டல் எல்லாத்துக்கும் நான் கூட வாரேன்" என்று அந்தப் பெண்ணிடம் அம்மா சொன்னாள். பெரியப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவரும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, நாற்காலியைப் போட்டு ஏறிச் சுக்கான் கட்டையைக் கழற்றியது. கட்டிலுக்கு அடியில் தள்ளப் பார்த்தார். அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"வேணாம் டீச்சர். பாக்க முடியல."

"மாட்டுங்க. எடுத்த எடத்துலயே மாட்டுங்க. வாரவுக கேப்பாக. கேக்கட்டும்."

அப்பா மறுபடியும் நாற்காலியில் ஏறினார். கொக்கியில் மாட்ட நேரமாயிற்று. நான் போய்ப் பிடித்துக்கொள்ளவில்லை. அம்மாவும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், வாடகை வீட்டுத் தண்ணீர் வசதி பற்றி விசாரிக்க வந்தார். சோபாவில் உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கே சார், என்ன கட்டை இது?" என்றார். சுக்கான் கட்டை என்றார் அப்பா. "அடடே! நீங்க பிடிச்சு ஓட்டுனதா?" நான் அடுப்படிக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். உள்ளே வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. அப்பா அந்த வெளுத்த ஒரு சாண் மரத்தைப் பார்த்தபடி, தரையோடு பேசுகிற குரலில், "இல்ல… வீட்டுக்காரம்மா பிடிச்சது" என்றார்.

வந்தவர், "என்ன சார்?" என்று காதைச் சாய்த்தார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற டீச்சர் குரல்: "அவருக்குக் கேக்கலையாம். சத்தமாச் சொல்லுங்க."